குடித்துக் கெட்டவருக்கு நம்மிடம் பாத்தியதை உண்டா?



நமது சங்கத்தின் உபகார நிதிக்குச் சென்ற மாதம் ஒரு மனு வந்தது. மனுப் போட்டவர் நம்மவர். சாப்பாட்டுக் கடைகளில் ரொட்டி போட்டுப் பிழைத்தவர். குடியினால் நரம்பு கெட்டு, கை நடுக்கம் கண்டு, இப்போது மாவைப் பிசையவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். கமிட்டியில் பேச்சு முற்றியது. "தானே தேடிக்கொண்ட துன்பத்துக்குச் சங்கத்துப் பணமா?" என்று ஒருவர் கேட்டார். "பின்னே யார் பார்ப்பது?" என்று இன்னொருவர் எழுந்தார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. வெளியே வரும்போது காரியதரிசி நம்மைப் பிடித்துக்கொண்டு, "இந்த விஷயத்தில் உங்களுக்கு அனுபவம் உண்டே, பத்திரிகைக்கு எழுதிக் கொடுங்கள்" என்றார். நாம் ஆலிமல்ல. மதரஸாவில் ஓதியதும், ஆறாம் ஆண்டு வரை பள்ளிக்கூடம் போனதும்தான் நமது படிப்பு. மிச்சமெல்லாம் தராசுக்குப் பின்னால் நின்று படித்தது. பிழையிருந்தால் அறிந்தவர்கள் திருத்துவார்களாக.

முதலில் கேள்வியை நேராக வைத்துக்கொள்வோம். மது ஹராம் என்பதில் நமக்குள் பேச்சே இல்லை. கேள்வி வேறு. ஹராமான ஒன்றைச் செய்து, அதனால் கையோ காலோ கண்ணோ போன ஒருவர் நம் வாசலில் வந்து நிற்கிறார். "நீர் எப்படி இந்நிலைக்கு வந்தீர்?" என்று விசாரித்துவிட்டுக் கொடுப்பதா, விசாரியாமலே கொடுப்பதா, விசாரித்துத் திருப்பியனுப்புவதா? இது ஸகாத் பணமாயிருந்தால் கிதாபைப் பார்த்து முடிவு சொல்லலாம். இந்நாட்டில் ஸகாத்தை மாநில மார்க்க அமைப்புகள் வசூலித்துப் பங்கிடுகின்றன. நமது நிதி நாமே மனமுவந்து போட்ட பணம். ஆகவே எந்தச் சட்டத்தின் பின்னாலும் ஒளிந்துகொள்ள நமக்கு இடமில்லை.

நிற்க. நமது கடையில் ஒரு மாமா இருக்கிறார். பெயர் வேண்டாம். வாப்பா காலத்தில் கிட்டங்கி வேலைக்கு வந்தவர். நமக்குப் பத்து வயதில் தராசு பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் வாப்பா அல்லர், அவர்தாம். சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்து மோந்து புதுசா பழசா என்று சொல்வது, மூட்டையைக் குத்திப் பார்க்காமலே எடையை மதிப்பது, கடைசிச் சிட்டிகையை வாங்குகிறவர் பக்கமே சாய்ப்பது, எல்லாம் அவர் கொடுத்த பாடம். அந்த மாமா குடிப்பார். லாரிக்காரர்களோடு சேர்ந்து மாலையில் தொடங்கியது, பிறகு காலையிலும் ஆயிற்று. நமக்கு இது பல வருஷம் தெரியாது. தெரியாது என்றால் என்ன பொருள்? வேலை நடந்தது, மூட்டை ஏறி இறங்கியது, ஆகவே தெரியாது. வியாபாரிக்குப் பல விஷயங்கள் இப்படித்தான் தெரியாமற் போகின்றன.

2017-இல், ரமலான் பிறைக்கு ஒரு வாரம் இருக்கையில், நமக்குத் திடீரென்று தீனுடைய ரோஷம் வந்தது. "இந்த வருஷம் இவரை நோன்பு பிடிக்க வைத்தே தீருவோம்" என்று, அவரையும் சம்மதிக்கச் செய்து, கடை மாடியில் ஓர் அறையில் விட்டு வெளியே பூட்டினோம். வேளைக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்தோம். ஓதுவதற்கு யாஸீன் கிதாபும் வைத்தோம். முதல் நாள் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. "ஷைத்தான் இறங்குகிறான்" என்று நாம் சொல்லிக்கொண்டோம். இரண்டாம் நாள் சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொன்னார். சுவரில் எறும்பு இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலை, மேலே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடினோம். பற்கள் கிட்டி, வாயில் நுரை தள்ளி, கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வாலிப டாக்டர் ஒருவர், நமது மகள் வயதை விடச் சற்றே மூத்த பெண், நம்மைத் தனியே அழைத்துப் பேசினார். கோபப்படவில்லை, அதுதான் அதிகம் சுட்டது. பல வருஷம் நாள்தோறும் குடித்த உடம்பு, அந்த மயக்கத்துக்கு எதிராக நரம்புகளை எந்நேரமும் முறுக்கியே வைத்திருக்கும். மதுவை ஒரே நாளில் பிடுங்கிவிட்டால் முறுக்கு மட்டும் நிற்கும். முதல் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறிக் காய்ச்சல் அடித்து உயிரே போகலாம். இப்படிப்பட்டவரைப் படுக்கையில் வைத்து, நரம்பை அடக்கும் மருந்தைக் கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்து, பி1 என்னும் வைட்டமினையும் ஏற்றித்தான் மீட்க வேண்டுமாம். அந்த வைட்டமின் இல்லாமல் போனால் ஞாபகசக்தியே நிரந்தரமாய்ப் போய்விடுமாம். "பூட்டியது நீங்களா?" என்று கேட்டார். ஆமென்றோம். "இன்னும் ஓரிரவு பூட்டியிருந்தால்…" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

நாம் மதரஸாவில் ஓதியது அப்போது நினைவுக்கு வந்தது. மதுவை விலக்கும் வசனங்கள் ஒரே நாளில் இறங்கவில்லை. முதலில் அதன் பாவம் பயனைவிடப் பெரிது என்று அறிவிக்கப்பட்டது. பிறகு போதையோடு தொழுகையை நெருங்காதீர் என்று தடுக்கப்பட்டது. அதன் பிறகே அது முற்றாக விலக்கப்பட்டது. படைத்தவன் ஒரு சமுதாயத்துக்குப் படி வைத்தான். நாம் ஒரு கிழவருக்குப் பூட்டு வைத்தோம். இதனால், இன்றைக்கும் சிறிது சிறிதாகக் குடிக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்; சட்டம் பூர்த்தியாகிவிட்டது. சட்டம் பூர்த்தியானதால் உடம்பின் இயல்பு மாறிவிடவில்லை என்பது மட்டுமே நமது பேச்சு. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து பூட்டாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். ‘முஸ்லிம் குடித்தான் என்று தெரிந்தால் வழக்காகிவிடுமே’ என்ற அச்சம் நமக்கும் இருந்தது. டாக்டர் கேட்டது எத்தனை வருஷம், எவ்வளவு, கடைசியாக எப்போது என்பது மட்டுமே. எல்லாம் மருந்தின் அளவுக்காக.

மாமா பிழைத்தார். ஆனால் குடியை விடவில்லை. சில மாதம் விட்டார், பிறகு தொட்டார். பாதங்கள் மரத்துப்போயின; மதுவும் செய்யும், சர்க்கரை வியாதியும் செய்யும், அவருக்கு இரண்டுமே இருந்தன. 2018 கடைசியில், வெங்காய மூட்டை அடுக்கும் பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி ஒன்று செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியது. அவருக்குத் தெரியவில்லை. நாலாம் நாள், கடைப்பையன் ஒருவன், "மாமா, உங்க செருப்பெல்லாம் ரத்தம்" என்று சொன்ன பிறகே தெரிந்தது. 2019 பிப்ரவரியில் வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அப்போதும் சங்கத்துக்கு மனு வந்தது. இதே கேள்வி எழுந்தது. சகோதரர்களே, அந்தக் கூட்டத்தில் "இது குடித்ததின் கூலி" என்று முதலில் சொன்னவர் நாமேதாம். கடைசியில் நாலு பேர் முகத்துக்காக 500 வெள்ளி கொடுத்தார்கள். அந்த 500 வெள்ளியும் இரண்டு வாரத்தில் போத்தலுக்குப் போயிற்று. "பார்த்தீர்களா!" என்று நாம் எல்லாரிடமும் சொன்னோம். சந்தோஷமாகவே சொன்னோம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தச் சந்தோஷத்தை ஒரு துண்டுக் காகிதம் கெடுத்தது. ஆஸ்பத்திரிச் சமூக நல அதிகாரி, "வேலையில் பட்ட காயமாயிற்றே, சொக்சோவுக்கு எழுதினீர்களா?" என்று ஒரு பாரம் கொடுத்தார். எழுத எங்கே இருக்கிறது? 1969-ஆம் வருஷச் சட்டப்படி தொழிலாளிக்கு முதலாளி கட்ட வேண்டிய சந்தாவை, ‘இவர் குடும்பத்து மனிதர்போல’ என்று சொல்லி நாம் கட்டாமலே விட்டிருந்தோம். குடும்பத்து மனிதர் என்பதால் சந்தா இல்லை. குடும்பத்து மனிதர் என்று பங்கும் கொடுக்கவில்லை. பிறகு நிலுவையைத் தாமதத் தொகையோடு கட்டினோம்; அதிகாரி கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கையில், குளிர்ச்சாதனம் ஓடிய அறையில் நமக்கு வியர்த்தது.

இப்போது கணக்குப் பாருங்கள். மாமாவின் கால் யாரால் போயிற்று? மதுவைக் குடித்தது அவர். ஆணி நம்முடையது. அந்தப் பலகையை மாற்ற வேண்டும் என்று அவர் இரண்டு முறை சொல்லியிருந்தார். சர்க்கரை வியாதி அவர் உம்மாவுக்கும் இருந்ததாம். மரத்த காலோடு மூட்டை தூக்கவிட்டவர் முதலாளி. ‘தானே தேடிக்கொண்டது’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் நமது பெயர் அந்தக் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. நம்மில் பலருக்கு அந்தச் சொல் இனிப்பாயிருப்பது இதனால்தானோ என்னவோ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமது குடும்பத்தாருக்குப் பிடிக்காது. நம் பெரிய வாப்பா இந்நாட்டுக்கு வந்து முதலில் செய்த வியாபாரம் உப்புக்கடலை. வண்டி நின்ற இடம் கள்ளுக்கடைக்கு எதிரே. அந்தக் காலத்துக் கள்ளுக்கடைகள் திருட்டுக் கடைகள் அல்ல; லைசென்ஸோடு நடந்தவை; தோட்டங்களுக்குள்ளேயே இருந்தவை. கூலி வாங்கிய கை நேரே அங்கே போக வசதியாயிருந்தது. அதைத் தொழிலாளரே வெறுத்தார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. 1947-இல் கெடாவில், பீடோங் பக்கத்துத் தோட்டத்தில், தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்து போலீஸ் அடி வாங்கினார்கள். மதுவைப் பிழிபவர், சுமப்பவர், விற்பவர் என்று சபிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றி ஹதீஸ் உண்டு. அந்தப் பத்தில் கடலைக்காரர் இல்லை. ஆயினும் குடிகாரர் கையிலிருந்து வந்த அந்தக் காசில்தான் நமது முதல் கடைக்கு முன்பணம் கட்டப்பட்டது. பெரிய வாப்பாவின் மறுமைக்கு துஆச் செய்கிறோம். அவரை இங்கே இழுத்தது, குடி என்பது குடிப்பவன் ஒருவன் மட்டும் தனியே நின்று செய்யும் காரியமன்று என்று காட்டத்தான்.

"எல்லாம் சரி, முதல் குவளையை யாரும் வாயில் ஊற்றவில்லையே?" என்பர். உண்மை. முதல் குவளை அவருடைய பொறுப்பு. அதற்கு அல்லாஹ்விடம் அவரே பதில் சொல்வார். ஆனால் ஆயிரமாவது குவளை? நம்மில் யாராவது ஆ லோங்கிடம் மாட்டிய மனிதரைக் கண்டிருந்தால் இது விளங்கும். முதல் கடன் ஆசைக்கு வாங்கியது. பத்தாவது கடன் ஒன்பதாவதின் வட்டியைக் கட்ட வாங்கியது. அப்போது அவர் கை நீட்டுவது ஆசையாலா, கழுத்தில் கயிறு இருப்பதாலா? மாமா ஒருநாள் நம்மிடம் சொன்னார்: "தம்பி, கடைசி பத்து வருஷம் எனக்கு அதுல ருசியே இல்ல. காலையில கை நடுங்காம இருக்கத்தான் குடிச்சேன்." பாவமா நோயா என்று கமிட்டியில் கேட்கிறார்கள். பாவமாகத் தொடங்கி நோயாக முடிகிற காரியங்கள் உண்டு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

சர்க்கரைக்கும் இதே நியாயத்தை வைப்போமா? 2019-இல் அரசாங்கம் எடுத்த சுகாதாரக் கணக்கில், இந்நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. நம் வியாபாரிகளில் எத்தனை பேர், டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும் கேளாமல், பால் கெட்டியாய் ஊற்றிய தே தாரிக் நாலு குவளை குடித்துக் கால் விரலை இழந்தார்கள்? அவர்களைப் பார்க்கப் பழக்கூடையோடு போகிறோம். "தானே தேடிக்கொண்டீர்" என்று படுக்கையருகே யாரும் சொன்னதில்லை. தே தாரிக் ஹலால், மது ஹராம், வித்தியாசம் பெரிதுதான். ஆனால் அந்த வித்தியாசம் பாவத்தின் கணக்கில் உள்ளது. பசியின் கணக்கிலும் கழிவறைக்குத் தவழ்ந்து போவதின் கணக்கிலும் அந்த வித்தியாசம் இல்லை.

இத்தனைக்கும் எதிரே நமது கமிட்டிப் பெரியவர் ஒருவர் கேட்டதற்கு இன்றுவரை நம்மிடம் முழுப் பதில் இல்லை. "நிதியில் இருப்பதோ சொற்பம். ஒரு துளி தொடாமல் வாழ்ந்து கண்ணிழந்த விதவைக்குக் குறைத்துவிட்டு இவருக்குக் கொடுப்பீரோ?" என்றார். கொடுக்க மாட்டோம். இரண்டு பேருக்கு ஒரே ரொட்டி இருந்தால் நாமும் விதவைக்கே நீட்டுவோம் என்று நினைக்கிறோம். அது நியாயமா, நமது மனத்தின் சாய்வா என்று தெரியவில்லை. ஆனால் நடந்ததைப் பார்த்தால், மாமாவுக்குத் தேவைப்பட்டதில் பணம் சிறு பங்குதான். பணமாகக் கொடுத்த 500 கேடாகத்தான் முடிந்தது. ஆகவே விதவைக்கும் அவருக்கும் நடுவே ஒரே ரொட்டி இருந்ததாகப் பெரும்பாலும் நாமே கற்பனை செய்துகொண்டோம்.

மாமியைப் பற்றியும் சொல்லாவிட்டால் இது ஒருதலைப் பேச்சாகிவிடும். அவர் பல வருஷம் முன்பே தம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். நாம் நல்ல எண்ணத்தோடு சமாதானம் பேசப் போனோம். மாமி கதவருகே நின்றபடியே கேட்டார்: "நீங்க எல்லாரும் அவரை மன்னிச்சிட்டீங்க, சந்தோஷம். என் பதினாறு பவுன் நகையை மன்னிக்கிறது யாரு? புள்ள பரீட்சைக்குப் போற காலையில வாசலை மறிச்சுக்கிட்டு விழுந்து கிடந்ததை மன்னிக்கிறது யாரு?" நாம் தலை குனிந்து திரும்பினோம். உதவி வேறு, மன்னிப்பு வேறு என்பதை அன்று கற்றோம். நமக்கு அவர் செய்த தீங்கு ஏதுமில்லை. நாம் மன்னித்ததாகச் சொல்வது பிறர் சரக்கை நாம் விலை பேசுவது. மாமி இன்னும் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று சொல்ல நமக்குப் பாத்தியதை இல்லை.

பிறகு என்னதான் செய்தோம்? நீங்கள் பலமுறை கேட்ட ஹதீஸ்தான். அன்ஸாரிகளில் ஏழை ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் யாசிக்க வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டு, ஒரு துணியையும் ஒரு மரக் கிண்ணத்தையும் வரவழைத்து ஏலம் போட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். இன்னொருவர் இரண்டுக்கு எடுத்தார். ஒன்றுக்கு வீட்டுக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடாரி. நாயகம் தம் கையாலேயே அதற்குப் பிடி போட்டு, விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் பத்துத் திர்ஹம் சம்பாதித்து வந்தார். இதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென்று சொல்வோரும் உளர். கருத்தில் யாருக்கும் தகராறு இல்லை. வழக்கமாக இதைச் சொல்லி, "யாசகம் கூடாது, உழைத்துப் பிழை" என்று பயானை முடிப்பார்கள். வியாபாரி கண்ணுக்கு வேறு சில தெரிகின்றன. அவருக்கு என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டார்கள். வேலைக்கு அனுப்புமுன் சோற்றுக்கு வழி செய்தார்கள். பிடியைப் போட்டுக் கொடுத்தார்கள். கணக்குக் காட்ட நாளும் குறித்தார்கள். அந்த அன்ஸாரிக்கு இரண்டு காலும் இருந்தன என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ஒற்றைக் காலுள்ளவருக்குக் கோடாரி எது என்று கண்டுபிடிப்பதுதான் நமது வேலையாயிற்று.

2019-இன் பிற்பகுதியில் மாமா அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்கில் முறையாக மருந்து எடுத்து மதுவை நிறுத்தினார். இம்முறை பூட்டு இல்லை. அதன் பிறகு, மலாக்காவில் 2014-இல் திறக்கப்பட்ட சொக்சோ மறுவாழ்வு மையத்தில் சில வாரம் இருந்தார். பார்க்கப் போன நாம் அங்கே கண்டது நமக்கே பள்ளிக்கூடம். வெட்டிய காலின் முனையை எட்டுப்போல் குறுக்காகத் துணி சுற்றிக் கட்டினால்தான் அது வடிவாகிச் செயற்கைக் காலுக்குள் நுழையும். இதம் என்று முழங்காலுக்கடியில் தலையணை வைத்தால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். நாம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பாசத்தோடு தலையணை வைத்தவர்கள்! இல்லாத பாதத்தில் வலி வரும்; அது மனப்பிராந்தி அன்று, நரம்பின் வேலை. மிஞ்சிய காலைத் தினமும் கண்ணாடி வைத்து அடிப்பாதம் வரை பார்க்க வேண்டும். விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். வெந்நீரைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதிக்க வேண்டும்.

இவற்றைவிடக் கடினமான பாடங்கள் கால் சம்பந்தப்பட்டவை அல்ல. அறுபதை நெருங்கிய மாமாவுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. பேங்கில் கணக்கு இருந்ததில்லை. முப்பது வருஷச் சம்பளம் கை வழியே ஓடியது. ஒரு மாதமாவது அது வாரக் கடைசிவரை அவரிடம் தங்கியதில்லை. மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. குடிக்காதவருக்கு இது விளங்காது. அந்த நாலு மணி நேரத்தை நிரப்புவதும் ஒரு தொழிற்பயிற்சிதான். நம் வீட்டில் அவருக்குச் சமையல் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது அவர் வைக்கும் மீன் ஆணத்துக்குக் கடைப்பையன்கள் போட்டி போடுகிறார்கள்; உப்புத்தான் சற்றுத் தூக்கல். சம்பளத்தை வாரக் கூலியாகத் தரச் சொன்னவர் அவரே. அதில் பாதி நேரே மாமியின் பேங்குக் கணக்குக்குப் போக வேண்டும் என்று சொன்னவரும் அவரே. மாமி அதை வேண்டாமென்று சொல்லவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

கடையில் மசாலாப் பொட்டலம் போடும் மேசையை நாலு அங்குலம் அறுத்துக் குறைத்தோம். தராசைக் கல்லாவிலிருந்து அங்கே மாற்றினோம். அறுத்ததற்குத் தச்சருக்குக் கொடுத்தது 80 வெள்ளி. மாமாவின் ‘கோடாரி’ இவ்வளவுதான். கூலி மட்டும் இரக்கக் கூலி அன்று. மற்றவனுக்குப் பொட்டலத்துக்கு என்ன கணக்கோ அதே கணக்கு. முதலில் கூட்டிக் கொடுத்தோம். "தம்பி, கூட்டிக் கொடுத்தா நான் பிச்சைக்காரன், கொறச்சுக் கொடுத்தா நீ திருடன்" என்றார், சரியாகக் கொடுத்தோம். சமூக நல இலாகாவில் ஓகேயு கார்டு பதிவு செய்தோம். குறைந்த வருமானத்தில் உழைக்கும் ஊனமுற்றவர்களுக்கு மாதாந்திர உதவி உண்டு என்பதே பதியப் போன அன்றுதான் நமக்குத் தெரிந்தது. சகோதரர்கள் தங்கள் ஊழியர்களுக்காக இதை விசாரிக்கலாம்.

2021-இல் மாமா ஒருமுறை சறுக்கினார். மூன்று நாள். கல்லாப் பணமும் கொஞ்சம் குறைந்தது. அன்று ‘இனி போதும்’ என்று முடிவே செய்துவிட்டோம். இரவில் தூக்கம் வராமல் கிடந்தபோது, நபியவர்கள் காலத்தில் மீண்டும் மீண்டும் குடித்துப் பிடிபட்டுத் தண்டனை பெற்ற ஒருவரை நினைத்தோம். கூட்டத்தில் யாரோ அவரைச் சபித்தபோது, சபிக்காதீர் என்று தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிக்கிறவர் என்று நாயகம் சாட்சி சொன்னார்கள். தண்டனை நின்றுவிடவில்லை, உறவும் நின்றுவிடவில்லை. காலையில் மாமாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். குறைந்த பணத்தை எட்டு வாரக் கூலியில் பிடித்துக்கொண்டோம். இரண்டையும் அவர் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு அல்லாஹ்வின் கிருபையால் இன்றுவரை தொடவில்லை. நாளை எப்படியோ, அவனே அறிவான்.

இதை எழுத மாமாவிடம் அனுமதி கேட்டோம். "பேரைப் போடாம எழுது. நான் குடிச்சதை எழுதினா நீ பூட்டினதையும் எழுது" என்றார். எழுதிவிட்டோம். ரொட்டிக்காரர் மனுவைப் பற்றிச் சொன்னதும் சற்று நேரம் பேசாமலிருந்து, "பணத்தைக் கையில குடுத்துடாதீங்க. நான் போய் அவர்கூட உட்காருறேன்" என்றார். 1935-இல் அமெரிக்காவில், குடியில் வீழ்ந்திருந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு ரணவைத்தியரும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்தே மதுவை விட்டு, அதையே ஒரு சங்கமாக்கினார்கள் என்று பின்னால் அறிந்தோம். மாமாவுக்கு அந்தச் செய்தி தெரியாது. சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ரொட்டிக்காரர் வீட்டுக்குப் போய் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரவும் அவர் சம்மதித்திருக்கிறார். சங்கத்தின் கூட்ட அறை மாடியில் இருக்கிறது. படிகள் பதினேழு, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். காரியதரிசி அவர்கள் பொறுத்துக்கொண்டால் இம்முறை கூட்டத்தை நமது கிட்டங்கியில் வைத்துக்கொள்ளலாம். நாற்காலிகளும் தேநீரும் நம் பொறுப்பு. வெங்காயம் அடுக்கும் பலகைகள் எல்லாம் மாற்றியாயிற்று.